ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். முறுக்கும் அதிரசமும் வீட்டிலேயே செய்து கடைகளுக்குப் போடுகிறவர். தீபாவளி நெருங்கினால் நான்கு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு விடிய விடிய அடுப்படியில் நிற்பாராம். அண்மையில் ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் தீபாவளிப் பரிசுப் பெட்டிக்காக இவரிடம் முறுக்கு கேட்டிருக்கிறது. விலை பேசி முடிந்த பிறகு ஒரு கேள்வி வந்ததாம்: "நீங்கள் பொரிக்கும் எண்ணெய் நிலைத்தன்மைச் சான்று பெற்ற செம்பனை எண்ணெய்தானா?"

"என் தாயார் தோட்டத்தில் மருந்தடித்தவர். செம்பனையை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எண்ணெய்க்குக் கூடவா நன்னடத்தைச் சான்றிதழ்? இது மெய்யா, வெறும் பூச்சா? இதற்கு நான் கூடுதல் காசு கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

கேள்வி அவருடையது என்றாலும் பதில் நம் எல்லாருக்கும் வேண்டியது. இடியப்பம் விற்பவர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர், இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர் என யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி இன்றில்லாவிட்டால் நாளை வாசல் கதவைத் தட்டத்தான் போகிறது.

இக்கேள்வி சுபாங் ஜெயாவிலிருந்து வந்ததும் பொருத்தமே. இன்றைய பிள்ளைகளுக்குச் சுபாங் ஜெயா என்றால் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும்தான். 2020 அக்டோபரில் அது மாநகரத் தகுதியும் பெற்றுவிட்டது. ஆனால் அந்த மண்ணின் பழைய பெயர் சீபீல்டு தோட்டம். 1970-களின் நடுவிலிருந்து தோட்டத்து நிலம் வீட்டு மனைகளாக மாறத் தொடங்கியது. சீபீல்டு என்ற பெயர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரிலும் ஒரு மாரியம்மன் கோயிலின் பெயரிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டம் போய் நகரம் வந்த இடத்தில் நின்றுகொண்டு "எது நிலைக்கும்?" என்று கேட்பது வீண் கேள்வியாகுமா?

விதைநெல் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்

'நிலைத்தன்மை' என்ற சொல் புதிது. பொருள் புதிதன்று. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் விதைநெல்லைத் தொடாதவர்கள் நம் முன்னோர். இந்த ஆண்டின் பசிக்காக அடுத்த ஆண்டின் விளைச்சலைத் தின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். தொழில் மொழியில் சொன்னால், இந்த ஆண்டின் இலாபத்திற்காக நாளைய மண்ணையும் நீரையும் மனிதரையும் செலவழித்துவிடாமல் தொழில் நடத்துவது. மண், நீர், மனிதர் ஆகிய இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நல்ல பழக்கம் தொழிலுக்குள் எப்போது வேரூன்றுகிறது? முதலாளியின் மனம் இளகும்போதா? இல்லை. கணக்குப் புத்தகத்தில் அதற்கென ஒரு வரி விழும்போதுதான். இதை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. நம் செம்பனைத் தொழிலின் கதையே இதற்குச் சாட்சி.

இந்நாட்டில் செம்பனை வாணிகப் பயிராக வேரூன்றியது நம் சிலாங்கூர் மாநிலத்தில்தான். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் அதை நட்டார். அவ்வூருக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். நட்ட தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! பெயரில் தென்னை, மண்ணில் ஆப்பிரிக்கச் செம்பனை. அன்று தொடங்கிய பயிர் இன்று ஏறத்தாழ 56 இலட்சம் ஹெக்டரில் பரந்து கிடக்கிறது.

ஆறு கறுத்த கதை

பால் மரத்தின் விலை சரியச் சரிய, 1960-களிலும் 70-களிலும் தோட்டம் தோட்டமாகச் செம்பனை ஏறியது. கூடவே ஆலைகளும் எழுந்தன. குலையை ஆவியில் வேகவைத்து எண்ணெய் பிழிகிற வேலைக்கு நீர் நிறைய வேண்டும். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் மிஞ்சும். பழுப்பு நிறத்தில், கொழகொழப்பாக, சூடாக வெளிவரும் அந்நீர் அப்படியே ஆற்றில் விடப்பட்டது.

அதில் நஞ்சு கலக்கவில்லையே, பழச்சாறுதானே என்று கேட்கலாம். ஆறு மூச்சுவிடுவது நீரில் கரைந்த பிராணவாயுவால். கழிவிலுள்ள எண்ணெயையும் நாரையும் நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போது அந்தப் பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மீன் மூச்சடைத்துச் சாகிறது. கழிவு எவ்வளவு பிராணவாயுவைக் குடிக்கும் என்பதை அளக்க பி.ஓ.டி. என்றொரு அளவு உண்டு. செம்பனை ஆலைக் கழிவில் அது ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு!

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் பிறந்தன. அவ்விதிகளை எழுதியவர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். "நாளையே நிறுத்து" என்று சொன்னால் ஆலைகள் மூடப்படும், பாட்டாளிகளின் பிழைப்புப் போகும். ஆகவே படிப்படியாக இறக்கினார்கள். 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை விடலாம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைத்து 1984-இல் 100-க்குக் கொண்டுவர வேண்டும். அதோடு, ஆற்றில் விடும் பி.ஓ.டி. சுமையில் டன்னுக்குப் பத்து வெள்ளி உரிமக் கட்டணம். அளவை மீறிய சுமைக்கு டன்னுக்கு நூறு வெள்ளி. முதல் ஆண்டு பணம் கட்டித் தப்பிக்கலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து அளவே கட்டாயம்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதை அப்படியே சட்டமாக்கிவிட்டார்கள்! அதுவரை ஆறு இலவசம். இலவசமாகக் கிடைப்பதைக் கணக்கில் எழுதுபவர் யார்? டன்னுக்கு இத்தனை வெள்ளி என்று வந்ததும் கணக்குப் புத்தகத்தில் ஆற்றுக்கு ஒரு வரி விழுந்தது. கழிவைத் தேக்கிச் செரிக்க வைக்கும் குளங்களை ஆலைகள் வெட்டின. ஆறுகளுக்கு வந்த சுமை வெகுவாகக் குறைந்தது. உற்பத்தியோ குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது.

அக்குளங்களிலிருந்து எழும் மீத்தேன் வாயு பூமியைச் சூடாக்கும் ஆற்றல் மிக்கது. அதையும் மூடிப் பிடித்து அடுப்பெரிக்கவும் மின்சாரம் எடுக்கவும் கற்றார்கள். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இது கட்டாயமாயிற்று. பிழிந்த வெற்றுக்குலை எருவாக மரத்தடிக்குப் போகிறது. நாரும் ஓடும் ஆலையின் கொதிகலனுக்கு விறகாகின்றன. குப்பை என்று எறிந்ததெல்லாம் காசானதும் எறிவார் யாருமில்லை.

வண்டு வந்தது, கூகை வந்தது

தோட்டத்து வாசகர்களில் ஐம்பது அறுபதைத் தாண்டிய தாய்மாருக்கு இன்னொன்று நினைவிருக்கும். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலைகளாகப் பூக்கும். இந்நாட்டில் அவை தாமாகச் சரிவரக் கருவுறவில்லை. மகரந்தத் தூளைக் கையால் பெண் பூவில் தூவுவதற்கென்றே ஆட்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள்.

காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நிபுணர்கள் எழுதி வைத்திருந்தார்கள். யூனிலிவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் அதை ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவின் கேமரூனில் செம்பனைப் பூவில் பூச்சிகள் மொய்ப்பதை அவர் கண்டிருந்தார். ஆராய அனுப்பப்பட்டவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் அன்வர் சையத். சின்னஞ்சிறு வண்டொன்றுதான் உண்மையான தரகர் என்று அவர் கண்டறிந்தார். அவ்வண்டு வேறு பயிரைக் கெடுக்காது என்று சோதித்த பிறகு, 1981-இல் ஜொகூர் குளுவாங் அருகே மாமோர் தோட்டத்தில் விட்டார்கள். மிக விரைவிலேயே அது நாடெங்கும் பரவியது. குலை நிறையப் பழம் பிடித்தது. கையால் மகரந்தம் தூவும் வேலை பிரட்டுக் களத்திலிருந்தே மறைந்துபோயிற்று.

அடுத்து எலி. பழத்தைக் கொறிக்கும் எலிக்கு விஷம் வைத்தார்கள். எலி விஷத்திற்குப் பழகிக்கொண்டது. கூகைக்குக் கூண்டு கட்டிக் கொடுத்தால் என்ன என்று தோன்றிற்று. கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று அஞ்சுபவர்கள் நாம்! அதே கூகைக் குடும்பம் ஓராண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்று தீர்க்கிறது. சாவு விழுவது உண்மைதான், எலி வீட்டில். இன்று பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பலகைப் பெட்டிகளைக் காணலாம். கூகைக்குச் சம்பளமில்லை, விடுமுறையில்லை, சங்கமுமில்லை.

மறுநடவிலும் இப்படியே. இருபத்தைந்து ஆண்டு ஆன மரத்தைச் சாய்த்து எரிப்பதுதான் பழைய வழக்கம். கோல்டன் ஹோப் நிறுவனம் 1980-களில் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையை வளர்த்தெடுத்தது. மரத்தைச் சீவித் துண்டாக்கி வரிசையாக மட்கவிட்டால் சத்தெல்லாம் மண்ணுக்கே திரும்பும், உரச் செலவு குறையும், புகையும் இல்லை. மட்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால் மேலே மூடுபயிர் படரவிடுகிறார்கள். இம்முறைக்காக அந்நிறுவனம் 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தினுடைய குளோபல் 500 விருதைப் பெற்றது. 2007-இல் அது சைம் டார்பியுடனும் கத்ரியுடனும் ஒன்றானது.

கவனித்தீர்களா, வாசகர்களே? வண்டு, கூகை, எரிக்காத மறுநடவு ஆகிய மூன்றும் நல்லவை. மூன்றும் செலவைக் குறைத்தன. அதனால்தான் அழைக்காமலே வந்தன. ஆறு மட்டும் தானாகப் பிழைக்கவில்லை. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது.

மருந்து என்ற பெயரில் விஷம்

இப்போது சகோதரியின் தாயாரிடம் வருவோம். மருந்தடித்தவர் என்று எழுதியிருக்கிறார். விஷத்திற்கு 'மருந்து' என்று பெயர் வைத்து அழைப்பது நம் தோட்டத்து வழக்கம். அந்தப் பெயரே எத்தனை பேரின் அச்சத்தைப் போக்கிவிட்டது!

களைக்கொல்லிகளில் பாரக்வாட் என்பது மலிவு, வேகமானது. காலையில் அடித்தால் மறுநாள் புல் கருகும். முதுகில் இருபது லிட்டர் டாங்கி, கையில் குழாய், வாயில் ஒரு துணி. இதுதான் அப்பெண்களின் கோலம். தோல் வெந்தது, நகம் நிறம் மாறி விழுந்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது, கண் எரிந்தது. வாய்க்குள் போனால் மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது. சுவீடன் நாடு 1983-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

இங்கே என்ன நடந்தது? 2002-இல் தெனாகானித்தா அமைப்பு, பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்புடன் சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அதன் பின்னால் நின்றவர் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார். அதே ஆண்டு பாரக்வாட்டை ஒழிக்கப்போவதாக அரசு அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாளில். ஐரின் அம்மையார் அதைக் காணவில்லை. 2014-இலேயே மறைந்துவிட்டார்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆறு சுத்தமாக விதி பிறந்ததிலிருந்து ஏழு ஆண்டு. வண்டு பரவியதோ வெகு சீக்கிரம். பெண்ணின் மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் நிற்க அறிவிப்பிலிருந்து பதினெட்டு ஆண்டு. ஏன் இந்த வேற்றுமை? பாரக்வாட்டின் விலை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் நகத்திற்கு அங்கே வரி இல்லை. தோட்டத்து மருத்துவமனைச் சீட்டில் 'தலைவலி, இரண்டு மாத்திரை' என்று போய்விட்டால் அது எந்தக் கணக்கில் ஏறும்?

இதுதான் நான் சொல்ல வந்தது. இலாபத்தோடு சேர்ந்து வரும் நன்மை தானே வந்துவிடும். இலாபத்தைக் கடிக்கும் நன்மை யாராவது உரக்கக் கேட்டால்தான் வரும். கேட்பவர் சட்டமாக இருக்கலாம், சங்கமாக இருக்கலாம், பொருளை வாங்குபவராகவும் இருக்கலாம்.

சான்றிதழ் என்பது யாருடைய குரல்?

வாங்குபவரின் குரலுக்கு ஒரு வடிவம் கொடுக்கத்தான் 2004-இல் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற அமைப்பு உருவானது. செம்பனை பயிரிடுவோர், எண்ணெய் வாங்கும் பெரு நிறுவனங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்து விதிகள் வகுத்தனர். உலகிலேயே முதலில் அச்சான்றைப் பெற்றது பேராக்கின் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ், 2008-இல். காட்டை அழிக்காதே, ஆற்றோரத்தை விட்டுவை, தொழிலாளியைக் கொடுமைப்படுத்தாதே என்று விதிகள் நீளுகின்றன. 2018-இல் திருத்திய விதிகளில் பாரக்வாட்டுக்கும் தடை விழுந்தது. அரசின் தடைக்கு ஓராண்டுக்கு மேல் முந்தியது அது. உலகச் செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இச்சான்றின்கீழ் வருகிறது. மலேசியா தனக்கென எம்.எஸ்.பி.ஓ. என்ற சான்றை வகுத்து 2020 முதல் கட்டாயமாக்கியது.

ஆகவே இது வெறும் பூச்சு அன்று, சகோதரி. ஆனால் முழு உத்தரவாதமும் அன்று. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் உண்டு என்று கூறி சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. சான்று பெற்ற எண்ணெயை உலகிலேயே மிக அதிகமாக உற்பத்தி செய்த நிறுவனம் அதுதான்! வெளிநாட்டுத் தொழிலாளர் வேலைக்கு வருவதற்காகக் கட்டிய ஆட்சேர்ப்புக் கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது, நடைமுறைகளைத் திருத்தியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. 2024-இல் நிறுவனம் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது.

மண்ணுக்கும் மரத்துக்கும் தேர்வு வைத்துத் தேறிய பிறகும், மனிதரின் தாளில் கேள்விக்குறி விழுந்தது. நம் பாட்டன்மார் கடன் சுமந்து கப்பலேறி வந்தார்கள். இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் தரகருக்குக் கடன்பட்டு விமானம் ஏறி வருகிறார்கள். ஊர்தான் மாறியிருக்கிறது.

அப்படியானால் செம்பனை எண்ணெயையே ஒதுக்கிவிடலாமா? வேண்டாம். ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று டன் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன் அளவுதான். செம்பனையை விட்டு ஓடினால் அதே எண்ணெய்க்குப் பல மடங்கு நிலம் வேண்டும். ஓடுவதைவிடக் கேட்பதே மேல்.

கேட்பதிலும் நியாயம் வேண்டும். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது பழமொழி. பெரிய நிறுவனத்துக்குச் சான்றிதழ் வேலை பார்க்கத் தனி அலுவலகமே உண்டு. நான்கு ஏக்கர்க்காரருக்கு யார் உண்டு? 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. எண்ணெய் விளைந்த நிலம் எது என்று வரைபடத்தில் காட்ட வேண்டும், காடழித்த நிலமாக இருக்கக் கூடாது என்கிறது அது. நடைமுறைக்கு வரும் நாள் ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போயிற்று. என்றாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது. சிறு தோட்டக்காரர்கள் நிலப் பத்திரம், உரம் வாங்கிய சீட்டு, குலை விற்ற சீட்டு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வைக்க இன்றே பழகுங்கள். தனியாக முடியாவிட்டால் குழுவாகச் சேர்ந்து சான்று பெற வழி உண்டு.

சுபாங் ஜெயா சகோதரிக்கு

சகோதரி, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

முதலாவது, சான்று பெற்ற எண்ணெய் கேட்பவர் அதன் விலை வேற்றுமையையும் ஏற்க வேண்டும். கிலோவுக்கு எத்தனை எண்ணெய் பிடிக்கிறது என்று எடை போட்டுப் பார்த்து, கூடுதல் செலவைத் தனி வரியாக விலைச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நியாயம் கேட்பவருக்கு நியாய விலையும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது, மொத்த வியாபாரியிடம் வாய்வார்த்தை வாங்காமல் ஆவணம் வாங்குங்கள். ஆர்.எஸ்.பி.ஓ. சின்னத்தில் 'கலப்பு' என்ற வகையும் உண்டு. சான்று பெற்ற எண்ணெயும் பெறாத எண்ணெயும் ஒரே தொட்டியில் கலந்திருக்கும், கணக்கு மட்டும் சரியாக இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது கலப்பு என்றால் கலப்பு என்றே எழுதிக் கொடுங்கள். காட்ட முடியாததைச் சொல்லாதிருப்பதே சிறு தொழிலின் மூலதனம்.

மூன்றாவது, பொரித்து முடிந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சாக்கடையை அடைத்து, ஆற்றுக்குப் போய்ச் சேரும். ஆலைக்காரரைக் கேட்ட கேள்வி அடுப்படிக்கும் பொருந்தும். பயன்படுத்திய எண்ணெயை விலைக்கு வாங்கி எரிபொருள் செய்வோர் உண்டு. டின்னில் ஊற்றி வடிகட்டி வையுங்கள். விற்ற காசைக் கணக்கில் எழுதுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். தீபாவளிக்கு உங்கள் வீட்டில் அடுப்படியில் நிற்கும் அந்த நான்கு பெண்கள். இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கி 2025-இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அவர்கள் வேலை செய்யும் நாளையும் மணியையும் அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலிக்கு உங்கள் புத்தகத்தில் வரி இருக்கும். புகைக்கும் சூட்டுக்கும் இருக்கிறதா? இரவு பன்னிரண்டுக்குப் பிறகு வீடு திரும்பும் வழிக்கு இருக்கிறதா? ஒரு புகைபோக்கி மின்விசிறி, மாறி மாறி உட்கார ஒரு நாற்காலி, கொதிக்கும் எண்ணெய் தெறித்தால் உடனே ஊற்றக் குழாய்த் தண்ணீர், வீடு போய்ச் சேர வண்டிக் காசு. இவை பெரிய செலவல்ல. ஆனால் எழுதி வைக்காத வரை யாருக்கும் நினைவிருக்காது.

உங்கள் தாயாருக்கு அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. அதை எழுதச் சொல்லிக் கேட்கவே பதினெட்டு ஆண்டு ஆயிற்று. உங்கள் அடுப்படியில் அதை எழுதுகிற பேனா உங்கள் கையில் இருக்கிறது. அந்நிறுவனம் எண்ணெயைப் பற்றி மட்டும்தான் கேட்டது. விலைச்சீட்டின் கீழே நான்கு பெண்களின் கூலியையும் வேலை நேரத்தையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். கேட்காதவருக்கும் தெரியட்டும்.

வாசகர்களே, கையால் மகரந்தம் தூவியவர்கள், முதுகில் டாங்கி சுமந்தவர்கள், ஆலைக் கழிவால் கறுத்த ஆற்றில் துணி துவைத்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, நாள் கூலி எவ்வளவு, உடம்புக்கு என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும். வருகிறவற்றைத் தொகுத்து வரும் இதழ்களில் வெளியிடுகிறேன்.

அடுத்த இதழில் மற்றொரு கடிதத்தோடு சந்திப்போம்.